புது வண்டிகள் பிறக்கும் ஒரகடத்தில், பழைய பிக்கப்புக்கு ஒரு புது ‘ராக்’!

ஒரகடம் கூட்டு ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நம்பர் பிளேட்கூட மாட்டாத புது வண்டிகளைச் சுமந்துகொண்டு நீளமான கேரியர் லாரிகள் போவதைப் பார்க்கலாம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம் இது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என வரிசையாக வந்தன. வண்டிகளைச் சோதித்துப் பார்க்க மத்திய அரசு அமைத்த ‘குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்’கூட ஒரகடத்தில்தான் இருக்கிறது.

சரி, இத்தனை ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், அவர்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல்களுக்கும் காய்கறி, அரிசி, தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் யார் கொண்டுபோய் இறக்குகிறார்கள்? பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகள்தான். இரண்டாவது, மூன்றாவது கை மாறி வந்து, ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டுக்கொண்டிருக்கும் வண்டிகள். கேரியர் லாரிகளுக்கு நடுவே, அதே சாலையில், விடியற்காலை நான்கு மணிக்கே ஓடத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு வண்டி என் சித்தப்பாவுடையது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். தினமும் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, சிப்காட் பகுதியில் இருக்கும் மூன்று மெஸ்களுக்கு இறக்குவார். அந்த வண்டியின் ஸ்டீரிங் ராக்கை வீட்டு வாசலிலேயே, இரண்டே நாளில் மாற்றிய கதைதான் இது.

‘கட கட’ என்று ஒரு சத்தம்

முதலில் வந்தது சத்தம்தான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘கட கட’ என்று கேட்டது. பிறகு, ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் உடனே திரும்பாமல், ‘யோசித்து’த் திரும்ப ஆரம்பித்தது. நேராகப் போகும்போதுகூட ஸ்டீரிங்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே ஓட்ட வேண்டிய நிலை.

ரோட்டோரக் கடை ஒன்றில் காட்டியபோது, ராக்கில் இருக்கும் ஓர் ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் குறைந்தது. ஆனால் வேறொரு வம்பு வந்து சேர்ந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீரிங், கையை விட்டால் தானாக நேருக்கு வரவில்லை. சித்தப்பாதான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது.

“வண்டி நம்ம பேச்சைக் கேக்குதா, நாம வண்டி பேச்சைக் கேக்குறமான்னே தெரியலப்பா” என்றார் சித்தப்பா.

சித்தி கேட்டது வேறு. “மெக்கானிக் என்ன சொன்னாரு?”

“ஸ்டீரிங்ல ப்ளே இருக்குதாம்.”

“ப்ளேன்னா விளையாட்டுதானே? அதை வச்சிக்கிட்டா ஒரு டன் லோடோட லாரிக்கு நடுவுல போறீங்க?”

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை.

அவர் கேட்டது சட்டப்படியும் சரியான கேள்வி. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி இதைத்தான் பேசுகிறது. ஸ்டீரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஸ்டீரிங் இணைப்பில் இருக்கும் பால் ஜாயிண்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்களும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. சித்தப்பாவின் ஸ்டீரிங் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ராக் என்றால் என்ன?

நம் ஊரில் பலர் இதை ‘ஸ்டீரிங் பாக்ஸ்’ என்பார்கள். உள்ளே இருக்கும் விஷயம் எளிமையானது. ஸ்டீரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டின் முனையில் ஒரு சின்ன பல் சக்கரம் இருக்கும். அதற்குப் பெயர் பினியன். அது, பற்கள் வெட்டப்பட்ட ஒரு நீள இரும்புத் தண்டின் மேல் உருளும். அந்தத் தண்டுதான் ராக். நாம் ஸ்டீரிங்கைச் சுற்றினால், ராக் இடமும் வலமும் நகரும். அதன் இரு முனைகளிலும் இருக்கும் டை ராடுகள் சக்கரங்களைத் தள்ளி, இழுத்துத் திருப்பும். பவர் ஸ்டீரிங் வண்டியில், இந்தத் தள்ளும் வேலைக்கு ஆயில் அழுத்தமும் கைகொடுக்கும்.

நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் ராக்கின் நடுப்பகுதிப் பற்கள்தான் அதிகம் தேயும். இரு முனைப் பற்கள் புதிதுபோலவே இருக்கும். அந்த ஸ்குரூவை இறுக்கினால் நடுவில் ஆட்டம் குறையும். ஆனால், தேயாத முனைப் பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவின் ஸ்டீரிங் வளைவிலிருந்து திரும்பி வராததற்கு இதுதான் காரணம்.

இந்த ராக் - பினியன் ஏற்பாடு புதிதல்ல. 1948-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் மைனர் காரிலேயே இருந்தது. பவர் ஸ்டீரிங்கோ 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் விற்பனைக்கு வந்தது. நம் சென்னையில் 1929-ல் தொடங்கிய ரானே குழுமம், இன்று நாட்டில் ஸ்டீரிங் பாகங்கள் தயாரிப்பதில் முக்கியமான பெயர். ஆக, நம் ஊருக்கும் ஸ்டீரிங்குக்கும் பழைய உறவு உண்டு.

ஒர்க்‌ஷாப் கணக்கும் சித்தியின் கணக்கும்

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விசாரித்தபோது, “ராக்கையே மாத்தணும். வேற வண்டிங்க வேலை நிறைய இருக்கு. நாலு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க” என்றார்கள். செலவு இருபதாயிரத்துக்கு மேல் போகும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால், சித்தியின் நோட்டில் கணக்கு வேறு மாதிரி இருந்தது.

நான்கு நாள் வண்டி நின்றால், நான்கு நாளும் வாடகை வண்டி பிடித்து மெஸ்களுக்குக் காய்கறி அனுப்ப வேண்டும். அந்த வாடகை வண்டிக்காரர் வழியைத் தெரிந்துகொண்டால், அடுத்த வாரம் அவரே நேரடியாக மெஸ்ஸில் பேசிவிடலாம். இந்தத் தொழிலில் அது சகஜம். மாதம் 5-ம் தேதி வண்டிக்கான தவணையும் கட்டியாக வேண்டும். தம்பியின் காலேஜ் ஃபீஸும் இதே வண்டியை நம்பித்தான் இருக்கிறது.

“ஓட்டாம நிறுத்தினா பொழப்பு போகும். ஓட்டினா உசுரு போகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி சொல்லுங்க” என்றார் சித்தி.

அந்த வழி இரண்டு தெரு தள்ளி இருந்தது. படப்பையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்த மேஸ்திரி தாத்தா. வந்து வண்டியைப் பார்த்தார். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினார். ‘டக் டக்’ என்றது. பிறகு 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினார். சத்தமே இல்லை.

“பக்கவாட்டுல ஆடினா ஸ்டீரிங் சமாசாரம். மேலயும் கீழயும் ஆடினா பால் ஜாயிண்ட், பேரிங் சமாசாரம். இது ஸ்டீரிங்தான்” என்றார். கீழே படுத்து, ராக்கின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பூட்டை விரலால் அமுக்கினார். கறுப்பாக ஆயில் வழிந்தது. “உள்ள சீலும் போச்சு. இதுக்கு மேல ஸ்குரூவை இறுக்கிப் பிரயோஜனம் இல்ல.”

வேலையை ஒப்புக்கொள்ள மூன்று நிபந்தனைகள் போட்டார். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வண்டிக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ராக் புதிதாகத்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது. மூன்றுக்கும் சித்தப்பா சரி என்றார்.

சென்னைக்குப் போய், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ராக் வாங்கினோம். வரும் வழியில் புதுப்பேட்டையில் பழைய ராக் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. சித்தப்பாவின் கால் ஒரு நிமிடம் அங்கே நின்றது. “பழசைக் கழட்டிட்டு இன்னொரு பழசைப் போடறதுக்கு நான் எதுக்கு?” என்று மேஸ்திரி தாத்தா போனிலேயே முடித்துவிட்டார். கதவு, பம்பர் என்றால் பழையது வாங்கலாம். ஸ்டீரிங், பிரேக் இரண்டிலும் கூடாது என்பது அவர் பாடம்.

கழற்றும் படலம்

சனிக்கிழமை மதியம் கடைசி லோடை இறக்கிவிட்டு வந்த வண்டி, வேப்பமரத்தடியில் சிமென்ட் தரையில் நின்றது. மண் தரை என்றால் ஸ்டாண்டு புதைந்துவிடும். உதவிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். ஐ.டி.ஐ முடித்துவிட்டு, ஒரு கார் கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர். இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்கி எழுந்து நேராக வந்திருந்தார். எனக்கு டார்ச் பிடிப்பதும், நோட்டில் எழுதுவதும் வேலை.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்களைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தார்கள். வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே மேஸ்திரி தாத்தா கீழே படுத்தார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்கள். ஸ்டீரிங்கை நேராக வைத்து, சீட் பெல்ட்டை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினார்கள். ஏர்பேக் இருக்கிற வண்டியில் இது ரொம்ப முக்கியம். கீழே இணைப்பைக் கழற்றிய பிறகு ஸ்டீரிங் இஷ்டத்துக்குச் சுற்றினால், வீலுக்குப் பின்னால் இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும். ஏர்பேக் வேலை செய்யாது. சித்தப்பா வண்டியில் ஏர்பேக் இல்லை. ஆனாலும், ஸ்டீரிங்கின் ‘நேர்’ எது என்று தெரிய இந்தக் கட்டு தேவைப்பட்டது.

அடுத்தது டை ராடு முனைகள். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றினாலும், அந்த முனை இடத்தைவிட்டு நகரவில்லை. அண்ணன் சுத்தியலை எடுத்து மரையின் தலையில் அடிக்கப் போனார். “தம்பி, அங்க அடிச்சா மரை செத்துடும். பக்கவாட்டுல, அது உக்காந்திருக்கிற கண்ணு மேல அடி” என்றார் தாத்தா. மூன்றாவது அடியில் ‘டப்’ என்று கழன்று விழுந்தது.

டை ராடு முனையைத் திருகிக் கழற்றும்போது, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணச் சொன்னார். இடது பக்கம் 17. வலது பக்கம் பதினாறரை. நோட்டில் எழுதினேன். “எழுதிட்டியா பாப்பா? அதை வச்சித்தான் நாளைக்குச் சக்கரம் நேரா நிக்கும்.”

ஸ்டீரிங் தண்டு ராக்கோடு சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை ஒரு பல் மாற்றி மாட்டினாலும், வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். பிறகு ஆயில் பைப்கள். கீழே பழைய பெயின்ட் டப்பா வைத்து ஆயிலைப் பிடித்து, பைப் முனைகளில் தூசி போகாமல் பாலித்தீன் கட்டினோம்.

கடைசியாக, ராக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்கள். மூன்று வந்துவிட்டன. நான்காவது வரவில்லை. துருப்பிடித்து, வெல்டிங் வைத்தது போல் உட்கார்ந்திருந்தது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருந்தார்கள். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினார்கள். அசையவில்லை. இருட்டிவிட்டது.

சித்தி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கள் விடியற்காலை மெஸ்ஸுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது. யாரும் பேசவில்லை. தாத்தா மட்டும், “அவசரப்பட்டா போல்ட் உடையும். உடைஞ்சா ரெண்டு நாள் வேலை நாலு நாள் ஆகும். இன்னொரு தடவை ஸ்பிரே அடிச்சிட்டுப் போய்ப் படுங்க” என்றார்.

காலையில் ஆறு மணிக்கு அவரே வந்தார். இறுக்கும் திசையில் கொஞ்சம், கழற்றும் திசையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசைத்தார். பத்து நிமிடத்தில் ‘கிரீச்’ என்ற சத்தத்தோடு போல்ட் வழிவிட்டது. இரவெல்லாம் ஊறிய எண்ணெய் வேலை செய்திருந்தது.

கையில் வந்த பழைய ராக்

பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்த ராக்கைக் கோணிப்பையில் கிடத்தினார்கள். இடது பக்க ரப்பர் பூட்டின் மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். பூட்டைப் பிரித்ததும் உள்ளே செம்மண்ணும் தண்ணீரும் கலந்த சேறு. பளபளப்பாக இருக்க வேண்டிய தண்டு, சொரசொரவென்று துருவேறிக் கிடந்தது.

நடந்தது இதுதான். ரப்பர் என்றோ கிழிந்திருக்கிறது. மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. தண்டு துருப்பிடித்து, அந்தச் சொரசொரப்பு ஆயில் சீலைக் கிழித்திருக்கிறது. ஆயில் கசிந்து, மண்ணோடு சேர்ந்து பற்களையும் அரைத்திருக்கிறது. ரப்பர் பூட்டின் விலை சில நூறு ரூபாய். அது கிழிந்த அன்றே மாற்றியிருந்தால், ராக் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். ‘ரப்பர் மூடி இருக்க வேண்டும்’ என்று சட்டமே ஏன் தனியாகச் சொல்கிறது என்பதை, அந்தச் சேற்றைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதிக நேரம் அந்த ராக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைனில் அவர் வேலை, டை ராடு முனையின் நட்டை இறுக்குவது. மின்சார டூல் சரியான அளவுக்கு இறுக்கியதும் பச்சை லைட் எரியும். அடுத்த வண்டி வந்துவிடும்.

“ஒரு ஷிஃப்ட்ல எத்தனையோ வண்டிக்கு இந்த நட்டைப் போட்டிருக்கேன் மாமா. பத்து வருஷம் கழிச்சு அது எந்த நிலைமையில இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார் சித்தப்பாவிடம்.

எனக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. ஆலையில் இந்த வேலை எளிது. காரணம், அங்கே வரிசை வேறு. பிக்கப் போன்ற வண்டிகளில் முதலில் வெறும் சேஸி சட்டம் வரும். அதில் ராக்கை மாட்டிய பிறகுதான் கேபினை மேலே இறக்குவார்கள். கை போக இடம் இருக்கும். போல்ட்டில் துரு இருக்காது. கார்களில் ராக், இன்ஜின் எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் சேர்த்து, கீழிருந்து பாடிக்குள் தூக்கி மாட்டுவார்கள். வண்டி வளர்ந்து, வேலை பார்த்து, அடிபட்டு வந்த பிறகு அதே பாகத்தைக் கழற்றுவதற்கு வேறொரு படிப்பு தேவைப்படுகிறது. அந்தப் படிப்பு மேஸ்திரி தாத்தாவின் கையில் இருந்தது.

மாட்டும் படலம்

புது ராக்கைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம், பைப் துளைகள், போல்ட் துளைகள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். புது ராக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி எண்ணி, அதில் பாதிக்குத் திரும்பி வந்து நடுவில் நிறுத்தினார்கள். பெயின்ட் கோடு பார்த்து ஸ்டீரிங் தண்டைச் சேர்த்தார்கள்.

டை ராடு முனைகளும் புதிது என்பதால், சுற்று எண்ணிக்கை மட்டும் போதாது என்றார் தாத்தா. பழையதை டேப்பால் அளந்து, அதே நீளத்துக்குப் புதியதை வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். வாலாஜாபாத்தில் ஒரு டயர் கடையிலிருந்து வாங்கி வந்த கருவி அது. ஸ்பிளிட் பின் நுழையும் துளை ஒத்துவராதபோது, அண்ணன் நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டார். “தளர்த்தவே கூடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளைக்குக் கொண்டு வரணும். பின் புதுசா போடணும்” என்றார்.

ஆயில் ஊற்றியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. முன்சக்கரங்கள் தூக்கியபடியே இருக்க, சித்தப்பா ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக இருபது தடவை சுற்றினார். ஆயில் குழாயில் இருக்கும் காற்று இப்படித்தான் வெளியேறும். நான் டப்பாவில் குமிழி வருவதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். குமிழி நின்ற பிறகுதான் சாவி போட்டார்கள்.

பழைய சத்தம் இல்லை. ஸ்டீரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. கீழே அட்டை விரித்து அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு ஆயில்கூட விழவில்லை. காலி வண்டியாகவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். சின்னத் திருத்தம்தான் தேவைப்பட்டது. மொத்தச் செலவு, ஒர்க்‌ஷாப் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். மேஸ்திரி தாத்தாவின் கூலியும் அதில் அடக்கம். திங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி மார்க்கெட்டில் நின்றது.

உதிரி பாகம் யாருக்குக் கிடைக்கும்?

சித்தப்பாவால் இதைச் செய்ய முடிந்ததற்கு இன்னொரு காரணம், புது ராக் கடையில் கிடைத்தது. எல்லா வண்டிக்கும் இப்படிக் கிடைப்பதில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதுதான் புகார். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும், ‘என் வண்டியை யாரிடம் சரிசெய்வது என்று நான்தான் முடிவு செய்வேன்’ என்ற பேச்சு அப்போதுதான் இங்கே பெரிதாக எழுந்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே இதற்காக வாக்களித்தார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் - எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகள் அதில் இருக்கின்றன. மேஸ்திரி தாத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால், ராக் கடையில் கிடைத்தால்தான் அவர் தொழில் நடக்கும்.

உங்கள் வீட்டில் லோடு வண்டி இருக்கிறதா?

எல்லோரும் ராக்கை வீட்டிலேயே மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் இருக்கும் புது வண்டிகளில், மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ள ஒரு கை பக்கத்தில் இல்லாமல் ஸ்டீரிங்கில் கை வைக்கவே வேண்டாம். ஆனால், இதையெல்லாம் எல்லோரும் பார்க்கலாம்:

* வண்டியை நேராக நிறுத்தி (பவர் ஸ்டீரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு), ஸ்டீரிங்கை மெதுவாக அசையுங்கள். சக்கரம் அசையும் முன் ஸ்டீரிங் எவ்வளவு சுற்றுகிறது என்று பாருங்கள். அதிகரித்துக்கொண்டே போனால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* மாதம் ஒருமுறை, ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து இரண்டு பக்க ரப்பர் பூட்டையும் பாருங்கள். கிழிசலோ, ஆயில் ஈரமோ இருக்கக் கூடாது.

* பவர் ஸ்டீரிங் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால், ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

* நின்ற இடத்திலேயே, லோடோடு ஸ்டீரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பம்ப்புக்கும் சீலுக்கும் அழுத்தம் கூடும்.

* ‘ஸ்குரூவை இறுக்கிட்டேன், சரியாப் போச்சு’ என்று யாராவது சொன்னால், வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

இன்னொன்று. சரக்கு வண்டிகளுக்கு முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி எடுக்க வேண்டும். எஃப்.சி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் பன்னிரண்டு மாதமும் அந்த வண்டி சாலையில்தான் ஓடும்.

பழைய ராக்கை சித்தப்பா காயலான் கடையில் போடப் போனார். அண்ணன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐ.டி.ஐ-யில் படிக்கும் தன் தம்பிக்குக் காட்ட வேண்டுமாம். சித்தி, எஃப்.சி தேதியும் இன்ஷூரன்ஸ் தேதியும் எழுதிவைத்திருக்கும் காலண்டரில், ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்கு நேராக, தவணைத் தொகைக்குக் கீழே, இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: ‘ரப்பர் பார்க்கணும்.’